பத்துக்குப் பத்தில் ஒரு விமானத் தொழிற்சாலை

செருப்பை வாசலுக்கு வெளியிலேயே கழற்றிவிடுங்கள். மரியாதைக்காகச் சொல்லவில்லை. உள்ளே தரையில் எங்கோ ஒரு விமானத்தின் முன்கண்ணாடி கிடக்கிறது. சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இருக்காது. நேற்று ராத்திரி ட்வீசரிலிருந்து தெறித்து ஓடியது, இன்னும் அகப்படவில்லை. அது கிடைக்கும்வரை இந்த வீட்டில் துடைப்பத்துக்கு விடுமுறை.

இடம் பெங்களூரு ஸ்ரீராம்புரம். மெட்ரோவின் பச்சைத் தடத்தில் மந்திரி ஸ்கொயருக்கு அடுத்த நிறுத்தம். படியிறங்கிச் சந்துக்குள் சந்தாகப் புகுந்து வந்தால் ஒரு வீட்டில் தமிழ்ப் பாட்டு, எதிர் வீட்டில் கன்னடச் செய்தி, நடுவில் நீல டிரம்மில் தண்ணீர் விழும் சத்தம். இரண்டு ஸ்கூட்டர் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்கித்தான் தீர வேண்டும். இப்படிப்பட்ட சந்தில், ஒரு முதல் மாடியில், மேலொன்று கீழொன்றாக இரட்டை இறக்கை வைத்த விமானம் ஒன்று உருவாகிக்கொண்டிருக்கிறது. கடைசியில் கண்ணாடி அலமாரிக்குள் ஏறி நிற்கும்போது எல்லோரும் பார்ப்பார்கள். அதற்கு முன்னால் நடக்கும் கூத்தைப் பார்க்க நமக்கு அனுமதி கிடைத்துவிட்டது! எனக்குத் தலைகால் புரியவில்லை. வாருங்கள், குரலைத் தாழ்த்திக்கொண்டு என் பின்னாலேயே வாருங்கள்.

கட்டுகிறவர் பீன்யாவில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறவர். பெயரைப் போட வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். "பட்டறைல தெரிஞ்சா கிண்டல் பண்ணியே கொன்னுடுவானுங்க." ஆகவே நமக்கு அவர் அண்ணன். சந்துக்கே ரவிக்கை தைத்துக் கொடுக்கும் அவர் மனைவி நமக்கு அண்ணி. ஐந்தாம் வகுப்பு படிக்கும் மகள் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி. பதவியை அவளே எடுத்துக்கொண்டாள்.

மேஜையின் எல்லைத் தகராறு

அறை பத்துக்குப் பத்து. பாதியைக் கட்டில் விழுங்கிவிட்டது. மிச்சத்தில் ஒரே ஒரு மேஜை. வலப்பக்கம் அண்ணியின் தையல் மெஷின், இடப்பக்கம் அண்ணனின் விமானக் கொட்டகை. நடுவே நீல இன்சுலேஷன் டேப் ஒட்டி எல்லை பிரித்திருக்கிறார்கள். எல்லை தாண்டும் பொருள் எதுவானாலும் பறிமுதல். இப்போதைக்கு அண்ணியின் சின்னக் கத்தரி அண்ணன் வசம். அண்ணனின் நல்ல ட்வீசர் அண்ணி வசம், பிணையாக.

அண்ணன் பக்கத்தை நிதானமாகப் பாருங்கள். பழைய இட்லித் தட்டு தெரிகிறதா? ஒவ்வொரு குழியிலும் ஒரு வகை உறுப்பு. ஒன்றில் சக்கரங்கள், ஒன்றில் இறக்கைகளைத் தாங்கும் தூண்கள், ஒன்றில் எஞ்சின் பாகங்கள், இன்னொன்றில் பாதி கடித்த கடலை மிட்டாய். தயிர் டப்பாக்களில் பெயின்ட். ஒரு கட்டு பல்குத்திக் குச்சி. துணி காயப்போடும் கிளிப்புகள் ஒரு குவியல். முனை இறுகிப்போய் ஊசியால் குத்தித் திறந்த ஃபெவிக்விக் ட்யூபுகள். பிரஷ் துடைப்பதற்குத் தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்கள். ராகு காலம், எமகண்டம் எல்லாவற்றின் மேலும் மஞ்சள் விரல் ரேகை.

அண்ணாந்து பார்த்தால் பரண். பித்தளை அண்டாவுக்குப் பின்னால் திறக்காத கிட் பெட்டிகள். எத்தனை இருக்கும் என்று கேட்டேன். அண்ணன் வாயில் விரல் வைத்து, கண்ணால் அண்ணியைக் காட்டினார்.

"எனக்கு எல்லாம் தெரியும்" என்றார் அண்ணி, மெஷினை நிறுத்தாமலே.

ஆறடி ஆள் ஓர் அங்குலம்

இந்த முறை பெட்டியிலிருந்து இறங்கியிருப்பது டி ஹாவிலண்ட் டைகர் மாத். பிரிட்டனின் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 2014-இல் புது அச்சில் வெளியிட்ட, 72-இல் ஒரு பங்கு அளவுள்ள கிட். 72-இல் ஒரு பங்கு என்றால் ஆறடி ஆள் சரியாக ஓர் அங்குலமாகிவிடுவார். நிஜ விமானத்தின் இறக்கை நுனிக்கு நுனி 29 அடி 4 அங்குலம். அண்ணியின் அளவு டேப்பை வாங்கி நானே வைத்துப் பார்த்தேன். இங்கே ஐந்து அங்குலத்தைக்கூடத் தொடவில்லை.

சின்னதாக இருந்தாலும் இது லேசுப்பட்ட வம்சமில்லை. டைகர் மாத் முதலில் பறந்தது 1931 அக்டோபர் 26 அன்று. அதன்பின் எட்டாயிரத்துக்கும் மேல் கட்டினார்கள். இரண்டாம் உலகப் போரின்போது பேகம்பேட்டையிலும் ஜோத்பூரிலும் இருந்த ஆரம்பப் பயிற்சிப் பள்ளிகளில் நம் ஊர்ப் பையன்கள் பறக்கப் பழகியது இதில்தான். மரச் சட்டத்தின்மேல் துணி போர்த்திய இறக்கை, 130 குதிரைத்திறன் எஞ்சின், வாலுக்குச் சக்கரத்துக்குப் பதில் ஒரு சறுக்குக் கட்டை. பிரேக் கிடையாது. 2012-இல் நம் விமானப்படை ஒரு டைகர் மாத்தைப் புதுப்பித்து, விமானப்படை தினத்தன்று மறுபடி வானில் ஏற்றியது.

"பிரேக் இல்லாமலா?" என்றாள் அதிகாரி. "அப்போ இத மெஜஸ்டிக் பக்கம் கொண்டு போக முடியாதுப்பா."

யாரும் பார்க்காத இடத்தில்

உறுப்புகள் எல்லாம் பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டிக்கொண்டு வருகின்றன. அந்தச் சட்டத்துக்கு ஸ்ப்ரூ என்று பெயர். நிப்பரால் வெட்டி, வெட்டிய தழும்பை அரம் போட்டு வழித்து, உப்புக்காகிதத்தில் தேய்த்து எடுக்க வேண்டும். லேத்தில் இரும்பைச் சீவும் அதே கை, இங்கே நகவெட்டியோடு வரும் அரத்தால் ஒரு சக்கரத்தைச் சீவுகிறது. "அங்க கை தப்பினா ஒரு பீஸ் போச்சு. இங்க கை தப்பினா பீஸே காணாமப் போயிடுது" என்கிறார் அண்ணன்.

விமானி உட்காரும் இடத்தைப் பாருங்கள். பார்க்க முடிகிறதா? முடியாது, டார்ச் அடிக்க வேண்டும். முன் இருக்கையில் வாத்தியார், பின் இருக்கையில் மாணவர். எஞ்சின் இரைச்சலில் பேச்சு கேட்காது என்பதால் அந்தக் காலத்தில் இருவருக்கும் நடுவே ஒரு ரப்பர் குழாய் ஓடும். வாத்தியார் ஒரு முனையில் திட்டுவார், மாணவர் மறுமுனையில் வாங்கிக்கட்டிக்கொள்வார். அந்தக் குழாயை அண்ணன் ஃப்யூஸ் வயரில் செய்திருக்கிறார்! இருக்கை வார்களை மாஸ்கிங் டேப்பைக் கீறிச் செய்திருக்கிறார். உடலின் இரண்டு பாதியையும் ஒட்டியபின் இதில் முக்கால்வாசி வெளியே தெரியாது.

ஒட்டுவதற்கு முன்னால் ஒரு ரகசியச் சடங்கு நடந்தது. அதிகாரி பென்சிலைக் கூராகச் சீவி, உடலின் உட்சுவரில் எதையோ எழுதினாள். அப்பாவுக்குக் காட்டவில்லை. எனக்கு மட்டும், யாரிடமும் சொல்லக்கூடாது என்ற நிபந்தனையோடு காட்டினாள். நீங்கள் வேறு யாரோ இல்லையே, ஆகவே சொல்கிறேன்: "இது என்னோடது."

மொட்டை மாடியில் முதல் பயணி

பெயின்ட் அடிப்பது மொட்டை மாடியில். அறைக்குள் அடித்தால் வாடை சாப்பாட்டில் ஏறிவிடுகிறது. மாடிக்கு ஒரு குட்டிக் கம்ப்ரெஸர் போகிறது, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போகிறது, காற்றை மறைக்க டிவி வந்த அட்டைப் பெட்டி போகிறது. பெட்டியைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, அதற்குள் தலையை விட்டுக்கொண்டு அண்ணன் ஏர்பிரஷ் பிடிக்கிறார். வெளியிலிருந்து பார்த்தால் தெரிவது முதுகு மட்டும்.

பயிற்சி விமானத்துக்கு மஞ்சள். தூரத்திலிருந்தே மற்றவர்கள் பார்த்து ஒதுங்கட்டும் என்பதற்காக அடித்த நிறம். ஆனால் மஞ்சள் பொல்லாத பெயின்ட். அடியில் இருப்பதை மறைக்கவே மறைக்காது. ப்ரைமர் அடித்து, மெல்லிசாக ஒரு பூச்சு, காயவைத்து இன்னொரு பூச்சு, அதற்கு மேலும் ஒன்று. அவசரப்பட்டுக் கனமாக அடித்தால் வழிந்து இறக்கை நுனியில் சொட்டாக உறைந்துவிடும்.

பக்கத்துக் கொடியில் அதிகாரியின் பள்ளிச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. காற்று திரும்பியது. சட்டைக் காலரில் மஞ்சள் பனி. "டீச்சர் கேட்டா சாம்பார்னு சொல்லிடுறேன்" என்று அவள் பெருந்தன்மையாகச் சொன்ன அதே நொடியில் ஒரு கொசு வந்து ஈரமான மேல் இறக்கையில் உட்கார்ந்தது. எழுந்திருக்க முடியவில்லை. மூவரும் குனிந்து பார்த்தோம். "முதல் பாசெஞ்சர்" என்றாள் அதிகாரி. அண்ணன் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஊசி முனையால் ஒவ்வொரு காலாக விடுவித்தார். கொசு போய்ச் சேர்ந்தது. கால் தடத்தைத் தேய்த்து, அந்த இடத்துக்கு மட்டும் மறுபடி மஞ்சள்.

மாடி ஏறி வந்த எதிர் வீட்டுப் பாட்டி இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தார். "இது பறக்குமாப்பா?"

"இல்ல ஆயா."

"ஓடுமா?"

"இல்ல ஆயா."

"அப்ப எதுக்கு இவ்ளோ மஞ்சா?"

இதற்குப் பதில் அண்ணனிடம் இல்லை. என்னிடமும் இல்லை.

ஃபேனை நிறுத்து!

இதுதான் கண்டம். கீழ் இறக்கை உடலோடு சேர்ந்துவிட்டது. இப்போது மேல் இறக்கையை ஏற்ற வேண்டும். உடலின்மேல் நிற்கும் நான்கு குச்சித் தூண்களும், இறக்கை நுனிப்பக்கத்துக்கு இரண்டிரண்டாக நிற்கும் தூண்களும் ஒரே நேரத்தில் தத்தம் குழியில் பொருந்த வேண்டும். ஒன்று பொருந்தினால் இன்னொன்று வழுக்கும். அதை நிமிர்த்தினால் முதலாவது சாயும். இரண்டு கையில் ஆகிற காரியமல்ல.

ஃபேனை நிறுத்தினார்கள், ஜன்னலைச் சாத்தினார்கள். பெங்களூரு குளுகுளு ஊர் என்று சொல்கிறவர்களை ஒருமுறை இந்த அறையில் உட்கார வைக்க வேண்டும். டேபிள் லாம்ப் முகத்துக்கு நேரே. அண்ணனின் மூக்கு நுனியில் வியர்வை திரண்டு, விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. அதிகாரி சத்தமில்லாமல் வந்து, தன் கைக்குட்டையால் அதை ஒற்றியெடுத்தாள். ஆபரேஷன் தியேட்டர் காட்சியை அவள் சினிமாவில் பார்த்திருக்கிறாள்.

ஃப்ரிட்ஜோடு வந்த தெர்மாகோலை வெட்டி அண்ணன் ஒரு தொட்டில் செய்து வைத்திருந்தார். விமானம் அதில் உட்கார்ந்தது. மேல் இறக்கைக்கு முட்டுக் கொடுக்கத் தீப்பெட்டிகள், நடுவில் ஒரு ரப்பர் பேண்ட். பல்குத்தி முனையில் பசை. "இப்ப!" என்றார் அண்ணன். அண்ணி மெஷினை விட்டு எழுந்து வந்து, எல்லை டேப்பைத் தாண்டி, இரண்டு விரலால் இடப்பக்கத் தூண்களைப் பிடித்தார். ஊக்கு வைத்துத் தைத்துப் பழகிய விரல்கள், நடுங்கவே இல்லை. அண்ணன் வலப்பக்கம். நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? மூச்சை விடாமல் நின்றேன். அதுவும் ஒரு உதவி என்று பிறகு சொன்னார்கள்.

பசை இறுகும்வரை கையை எடுக்க முடியாது, பேசலாம். மேலிருந்து பார்த்தால் இறக்கைகள் அம்பு முனைக் கோணத்தில் பின்னால் சாய்ந்திருப்பதைக் காட்டி ஏன் என்று கேட்டேன். அண்ணன் அசையாமல் நின்றபடியே சொன்னார். டைகர் மாத்துக்கு முந்தைய மாத்களில் முன் இருக்கைக்காரரைச் சுற்றித்தான் அந்த நடுத் தூண்கள் நின்றன. ஆபத்தில் பாராசூட்டோடு எழுந்து குதிக்க முடியாது. தூண்களை முன்னால் தள்ளினார்கள், கூடவே மேல் இறக்கையும் முன்னால் போனது. சமநிலை கெட்டுவிட்டதே! அதைச் சரிக்கட்ட இறக்கையின் நுனிகளைப் பின்னால் இழுத்துவிட்டார்கள். வாத்தியார் உயிர் தப்ப வேண்டும் என்பதற்காக வந்த சாய்வு இது.

"டீச்சருங்க மேல அவ்ளோ பாசமா?" என்றாள் அதிகாரி நம்பாமல்.

அண்ணி கையை எடுத்தார். அண்ணனும் எடுத்தார். இறக்கை நின்றது. ஆனால் மேஜையை லேசாகத் தட்டினால் நடுங்கியது. விரல் நுனியால் தொட்டால் பக்கவாட்டில் அசைந்தது. "பசை சரியில்லையோ?" என்றேன். "பசை போதும். இன்னும் கட்டலியே" என்றார் அண்ணன். அவர் முகத்தில் அப்படி ஒரு குஷி.

ஊதுபத்தி, கண்ணாடி நூல், துணி கிளிப்

கட்டுவது என்றால் ரிக்கிங். பழைய இரட்டை இறக்கை விமானப் படங்களில் இறக்கைகளுக்கு நடுவே குறுக்கும் நெடுக்குமாகக் கம்பிகள் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அலங்காரம் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கல்யாணப் பந்தலின் நாலு மூலையிலும் கயிறு இழுத்துக் கட்டியிருப்பார்களே, அதே வேலை. பந்தலில் கம்பு நிற்பது கயிற்றின் தயவில். விமானத்தில் ஒரு வரிசைக் கம்பிகள் உடலின் அடியிலிருந்து மேல் இறக்கையின் நுனிப்பக்கம் நோக்கி ஏறும். பறக்கும்போது இறக்கைகள் மேல்நோக்கி மடங்கிவிடாமல் இழுத்துப் பிடிப்பவை இவைதான். இன்னொரு வரிசை மேலே நடுவிலிருந்து கீழ் இறக்கையின் நுனிப்பக்கம் நோக்கி இறங்கும். தரையில் நிற்கும்போதும் இறங்கி மோதும்போதும் இறக்கைகள் தொங்கிவிடாமல் தாங்குபவை இவை. ஒன்று வானத்துக்கு, ஒன்று பூமிக்கு.

அந்தக் கம்பிகளைச் சரியான இறுக்கத்தில் வைப்பதற்கென்றே தனி ஆட்கள் இருந்தார்கள், ரிக்கர் என்று பெயர். இந்திய விமானப்படையின் முதல் ஸ்குவாட்ரன் 1933 ஏப்ரல் 1 அன்று கராச்சியில் தொடங்கியபோது இருந்தவை நான்கு வெஸ்ட்லேண்ட் வாபிட்டி விமானங்கள், எல்லாமே இரட்டை இறக்கை. அவற்றோடு ஹவாய் சிப்பாய்கள், அதாவது வான் சிப்பாய்கள், என்றழைக்கப்பட்ட 19 பேர். விமானிகளின் பெயர்கள் புத்தகங்களில் இருக்கின்றன. தரையில் நின்று கம்பியைத் திருகியவர்களின் பெயர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

நம் பக்கத்திலும் இந்தக் கைவேலை நடந்திருக்கிறது, அதற்கும் முன்னாலேயே. மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திய ஜாக்கமோ டி ஆஞ்செலிஸ் 1910-இல் தானே வடிவமைத்த இரட்டை இறக்கை விமானத்தைச் சென்னையிலேயே கட்டவைத்தார். கட்டிக் கொடுத்தது சிம்ப்சன் கம்பெனி. குதிரை வண்டி செய்து பழகிய பட்டறை! பல்லாவரத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டுத் தீவுத்திடலில் மக்களுக்குப் பறந்து காட்டினார். ஹோட்டல்காரரும் வண்டிக்காரர்களும் சேர்ந்து விமானம் கட்டிய மண்ணில், லேத்காரரும் தையல்காரியும் கட்டினால் என்ன?

இப்போது நூல் பஞ்சாயத்து. ஆறு மில்லிமீட்டர் கம்பியை 72-ஆல் வகுத்தால் 0.08 மில்லிமீட்டர், தலைமுடியின் பருமன். அதனால் தலைமுடியையே முதலில் யோசித்தார்களாம். அதிகாரியின் பின்னல் அபாயத்தில் இருந்தது. அண்ணிதான் காப்பாற்றினார். ரவிக்கையில் மணி கோக்கும் கண்ணாடி நூல் உருண்டையை எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து உருட்டிவிட்டார். "மெல்லிசா வேணும்னா இது. திருப்பித் தரணும்."

வால் பக்கத்துக் குட்டிக் கம்பிகளுக்கு வேறு வித்தை. வெட்டிப் போட்ட ஸ்ப்ரூ துண்டு ஒன்றை அண்ணன் மெழுகுவத்திச் சுடருக்கு மேலே பிடித்து உருட்டினார். நடுவில் இளகிப் பளபளத்தது. சுடரை விட்டு விலக்கி, இரண்டு கையையும் சரக்கென்று விரித்தார். காற்றில் ஒரு கருப்பு இழை! அவ்வளவு மெல்லியது, விளக்கு வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால்தான் தெரிகிறது. நான் கைதட்டிவிட்டேன். கைதட்டிய காற்றில் இழை பறந்து கட்டிலுக்கடியில் போய்விட்டது. பரவாயில்லை, இன்னொன்று இழுத்தார்.

கையால் உருட்டும் பின் வைஸில் 0.3 மில்லிமீட்டர் பிட். மேல் இறக்கையின் அடிப்பக்கம் பாதி ஆழம் மட்டும் துளை, கீழ் இறக்கையில் முழுத் துளை. நூல் முனையை மேலே ஒரு துளி ஃபெவிக்விக்கில் நிறுத்தி, மறுமுனையைக் கீழே விட்டு வாங்கி, அதில் ஒரு துணி கிளிப்பை மாட்டித் தொங்கவிட்டார். கிளிப்பின் கனம்தான் இழுவிசை. அடுத்த நூல், அடுத்த கிளிப். கொஞ்ச நேரத்தில் விமானத்துக்கடியில் சிவப்பு, பச்சை, ஊதா என்று கிளிப்புகள் வரிசையாகத் தொங்கின. கண்ணாடி அலமாரியில் இதை யாராவது பார்க்கப்போகிறார்களா? நாம் பார்த்துவிட்டோம்!

நடுவில் ஒரு விபத்து. அண்ணனின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. முத்திரை பிடித்தபடி அவர் அண்ணியைத் திரும்பிப் பார்த்தார். அண்ணி பேசாமல் நெயில் பாலிஷ் ரிமூவரை எடுத்து நீட்டினார். பாட்டில் தயாராகப் பக்கத்திலேயே இருந்தது. இது முதல் தடவையில்லை என்று புரிந்தது.

தொய்ந்துபோன நூல்களுக்கு மருந்து என்ன தெரியுமா? ஊதுபத்தி. அணைத்த ஊதுபத்தி இல்லை, கனன்றுகொண்டிருப்பது. அதன் கங்கை நூலுக்குப் பக்கத்தில், தொடாமல், நகர்த்திக்கொண்டே போனால் சூட்டில் நூல் சுருங்கி விறைக்கிறது. தொட்டால் போச்சு, அறுந்துவிடும். இந்த வேலை அதிகாரியுடையது. நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு, மணிக்கட்டை மேஜையில் ஊன்றி, அவள் ஊதுபத்தியை நகர்த்தினாள். தொங்கிய நூல் நம் கண்ணெதிரே நேராகிறது! வீடு முழுக்க மல்லிகை வாசனை. வாசலில் யாரோ, "இன்னா விசேஷம், பூஜையா?" என்று குரல் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அண்ணி நூல்களை ஒவ்வொன்றாக ஊசி முனையால் மீட்டிப் பார்த்தார். "இது லூசு. இது சரி. இது ரொம்ப இழுத்துட்ட, இறக்க வளையும்." அண்ணன் மறுபேச்சுப் பேசவில்லை. தையலில் இழுவை பிசகினால் துணி சுருங்கும் என்பது அண்ணிக்குப் பாடம். பட்டறையில் மைக்ரோமீட்டர் பிடிக்கிறவர், இங்கே மனைவியின் ஊசி முனையை நம்புகிறார்.

தொட்டுப் பாருங்கள்

கிளிப்புகளைக் கழற்றி, மிச்ச நூலை வெட்டி, துளைகளின் மேல் மஞ்சள் வைத்தபின் அண்ணன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "இப்பத் தொட்டுப் பாருங்க."

விரல் நுனியால் மேல் இறக்கையை மெதுவாகத் தள்ளினேன். அசையவில்லை. மேஜையைத் தட்டினேன். நடுக்கமில்லை. சற்று முன்பு ஆடிய அதே இறக்கை! பசை அதேதான், தூண்கள் அதேதான். கூடுதலாக வந்தது எடையே இல்லாத நூல். நிஜ விமானத்தில் கம்பி செய்த வேலையை, ஐந்து அங்குலத்தில் ரவிக்கை நூல் செய்கிறது. பார்ப்பவர் கண் முதலில் மஞ்சளில் விழும், அடுத்து சக்கரத்தில், அடுத்து ப்ரொப்பெல்லரில். கடைசியாகத்தான் நூல், அதுவும் வெளிச்சம் சரியாக விழுந்தால். ஆனால் முழு விமானத்தையும் விறைப்பாக நிறுத்துவது அதுதான். இனி எங்கே இரட்டை இறக்கை மாடலைப் பார்த்தாலும் முதலில் கம்பிகளைப் பாருங்கள். கட்டியவரின் ராத்திரிகள் அங்கேதான் இருக்கின்றன.

பின் இருக்கையில் அரை அங்குல விமானி. அவருக்குப் பெயின்ட் அடிக்கும் உரிமை அதிகாரிக்கு. தோளில் சிவப்பாக ஒரு கோடு போட்டிருக்கிறாளே, என்ன அது?

"முந்தானை. சரளா தக்ரால். அவங்க புடவை கட்டிக்கிட்டுத்தான் ஓட்டினாங்க."

1936-இல் லாகூரில், 21 வயதில், சேலை உடுத்தித் தனியாக விமானம் ஓட்டியவர் சரளா தக்ரால். "அது ஜிப்ஸி மாத்டி, இது டைகர் மாத்" என்று அண்ணன் வரலாற்றுப் பிழையைச் சுட்டிக்காட்டினார். "ரெண்டும் அக்கா தங்கச்சிதானே" என்றாள் அவள். டைகர் மாத் பிறந்தது ஜிப்ஸி மாத் வழியில்தான் என்பதால் வழக்கு தள்ளுபடியானது. முந்தானை நிலைத்தது.

அண்ணி டீ போடப் போன இடைவெளியில் அண்ணன் ஸ்டூல் போட்டுப் பரணிலிருந்து ஒரு பெட்டியை இறக்கிக் காட்டினார். எஸ்.இ.5ஏ. முதல் உலகப் போரில் இந்திரலால் ராய் ஓட்டிய இரட்டை இறக்கை விமானம். 1918 ஜூலையில் இரண்டே வாரத்துக்குள் பத்து எதிரி விமானங்களை வீழ்த்தியவர், அதே ஜூலை 22 அன்று வானிலேயே சுடப்பட்டு இறந்தார். வயது 19. அண்ணன் மூடியைத் தடவிக்கொண்டே, "இதுல இன்னும் ஜாஸ்தி கம்பி" என்றார். டம்ளர் சத்தம் கேட்டது. பெட்டி பரணேறியது.

குங்குமம் எங்கே வைப்பது?

இவ்வளவு அவசரமும் ஆயுத பூஜைக்காக. கெடு முடிந்து பூஜை நாளும் வந்தது. முன்கண்ணாடி கிடைத்ததா என்று கேட்பீர்கள். கிடைத்தது, அண்ணியின் மெஷின் பெடலுக்கு அடியில். சேதமில்லை. பறிமுதல் விதி தளர்த்தப்பட்டது.

எல்லை டேப்பின் இரு பக்கமும் ஆயுதங்கள் அணிவகுத்தன. தையல் மெஷின், கத்தரிகள், நிப்பர், பின் வைஸ், ஏர்பிரஷ், கம்ப்ரெஸர், ஃபெவிக்விக். அண்ணி எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டே வந்தார். பொரியும் கடலையும் தட்டில். கை விமானத்தை நெருங்கியது. அண்ணன் பாய்ந்து குறுக்கே விழுந்தார்.

"பெயின்ட்! பெயின்ட்மா!"

"சாமிக்கு முன்னால வெக்கிற பொருளுக்குப் பொட்டு இல்லாம எப்படி?"

பஞ்சாயத்து ஐந்து நிமிடம். குங்குமம் விமானத்தை நிறுத்திய மரப் பலகைக்கு என்று முடிவானது. அப்போதுதான் அதிகாரிக்கு வேறொரு கவலை வந்தது. வண்டிக்குப் பூஜை போட்டால் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்க வேண்டுமே! தெருவில் எல்லா ஸ்கூட்டருக்கும் நசுக்கியாகிவிட்டது. இதற்கு?

அவள் ஸ்கேலை எடுத்து ஒரு பழத்தை அளந்தாள். நாலு சென்டிமீட்டர். 72-ஆல் வகுத்தாள். அரை மில்லிமீட்டர் சொச்சம். கடுகு பெரிசு. யோசித்தாள். சமையலறைக்கு ஓடினாள். திரும்பி வந்தபோது உள்ளங்கையில் கசகசா. ட்வீசரால் ஒன்றைப் பொறுக்கி, மிஞ்சிய மஞ்சள் பெயின்டில் தோய்த்து, இடச் சக்கரத்தடியில் வைத்தாள். இன்னொன்று வலச் சக்கரத்தடியில். அண்ணன் மண்டியிட்டு, கண்ணை மேஜை மட்டத்துக்குக் கொண்டுவந்து, அளவு சரியாக இருக்கிறதா என்று உண்மையாகவே சோதித்தார். "கரெக்ட்டு" என்றார் பெருமை தாங்காமல்.

"மீதி கசகசா குருமாவுக்கு வேணும்" என்றார் அண்ணி. "பெயின்ட் அடிச்சத டப்பால போட்டீங்கன்னா தெரியும் சேதி."